அரைவயித்துக் கை

ரப்பர் தோட்டத்துல மழைக்கு இருக்கிற அதிகாரம் தொரைக்குக்கூடக் கெடையாது. பட்டை நனைஞ்சுட்டா வெட்டுற கோட்டுல பால் நிக்காது, மரம் பூரா வழிஞ்சு வீணாப் போயிரும். அதனால விடியக்காலையில மழைன்னா அன்னைக்கு வெட்டு இல்ல. மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக்குல பாவாடை கட்டிவிட்டு மழையிலயும் வெட்டுற தோட்டங்க புளத்கொகுபிட்டிய பக்கத்துலயே இருக்கத்தான் செய்யுது. சுதாகரன் வேலை பாக்குற தோட்டத்துல ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்கே கூரை ஒழுங்கா இல்ல, இதுல மரத்துக்கு யாரு பாவாடை தைக்கிறது!

அந்த வருசம் மழை சும்மா பேயல, வந்து குடியே இருந்துச்சு. காலையில ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போனா, கணக்கப்பிள்ளை குடையும் கையுமா நின்னு "இன்னைக்கு வெட்டு இல்ல, வீட்டுக்குப் போங்க"ன்னு கத்துவாரு. மத்தவங்க எல்லாம் நாள் சம்பளம் போச்சேன்னு தலையில அடிச்சிக்கிட்டுத் திரும்புவாங்க. சுதாகரனும் மூஞ்சியச் சோகமாத்தான் வச்சிக்கிட்டு நடப்பான். லயத்துக்குத் திரும்புற வளைவு தாண்டினதும் நடையக் கூட்டிருவான். வீட்டுல விஜயகலா சீட்டுக்கட்டோட காத்துக்கிட்டு இருப்பா.

விஜயகலா அவன் பொண்டாட்டி. ஆறு வருசம் சைப்ரஸ்ல ஒரு வீட்டுல வேலை செஞ்சிட்டு, அந்த வருசம் சித்திரைக்குத்தான் ஊர் திரும்பியிருந்தா. அவ அனுப்பின காசுலதான் லயத்துக் காம்பராவுக்கு முன்னால ஒக்கார ஒரு ஹோல் எழும்பி, தரைக்குப் பச்சை டைல்ஸ் பதிச்சு, மேல புதுத் தகரம் போட்டது. எல்லாம் சரி. ஆனா ஆறு வருசம்னா சும்மாவா? வந்த பொண்டாட்டிய விருந்தாளியப் பாக்குற மாதிரி பாத்தான் சுதாகரன். "சாப்புட்டியா?" "சாப்புட்டேங்க." "மழை வரும் போல." "ஆமாங்க." அதோட பேச்சு முடிஞ்சிரும். கல்யாணமான புதுசுன்னா வெக்கம்னு ஒன்னு சொல்லிக்கலாம். இது என்ன எழவுன்னு ரெண்டு பேருக்குமே தெரியல. பால் வெட்டுறதுல அவனை அடிச்சிக்க அந்த மலையில ஆள் கெடையாது. வாயத் தொறக்கத்தான் ஆளு மகா கஞ்சன்.

அப்பிடி இருந்தவங்களைப் பேச வச்சது அந்தச் சீட்டுக்கட்டு. சைப்ரஸ்ல ஞாயித்துக்கெழம லீவு. வீட்டு வேலைக்கு வந்த பொண்ணுங்க எல்லாம் கடலோரப் பூங்காவுல கூடுவாங்களாம். அதுல மரிசெல்னு ஒரு பிலிப்பீன்ஸ்காரி புல்லுல துணிய விரிச்சுப் போக்கர் ஆடுவாளாம். பூசணி வெதைதான் பந்தயம். அவகிட்டப் படிச்ச ஆட்டத்தை, ஒரு மழைக் காலையில பேச ஒன்னும் கெடைக்காம, புருசனுக்குச் சொல்லிக் குடுத்தா கலா. இங்க பூசணி வெதைக்குப் பதிலா ரப்பர் கொட்டை. மலை பூரா அதுதானே கெடக்கு, வழுவழுன்னு, புள்ளி புள்ளியா. ஆளுக்கு ஒரு பழைய மாவு டின்னு நெறையக் கொட்டையோட பாயில ஒக்காந்தாங்க.

ஆட்டம் லேசுதான். ஆளுக்கு ரெண்டு சீட்டு, அடுத்தவங்களுக்குக் காட்டாம. நடுவுல மொதல்ல மூணு சீட்டைத் திறப்பாங்க, அப்புறம் ஒன்னு, கடைசியா ஒன்னு. கையில இருக்கிறதையும் நடுவுல கெடக்கிறதையும் சேத்து யாருக்கு நல்லா அமையுதோ அவங்களுக்குக் கொட்டை. ஆட்டம் தொடங்குறப்பவே ஆளுக்கு ரெண்டு கொட்டை நடுவுல வச்சுறணும். சீட்டைத் திறக்கத் திறக்க, மேல கொட்டை வச்சு, எதிராளியையும் அதே அளவு கேக்கலாம், இல்ல ரெண்டு விரலால தரையில தட்டிட்டுச் சும்மா இருக்கலாம். எதிராளி கேட்டதைக் குடுக்க மனசில்லன்னா கைய மூடிப் போட்டுரலாம். வச்ச கொட்டை போனது போனதுதான்.

ஓமிச் சீட்டாட்டத்துல சுதாகரன் புலி. இதுல சுத்தப் பூனை. ஒரு சோடி சேந்துட்டாப் போதும், காது செவக்கும், மீசை துடிக்கும், டின்னை அப்பிடியே கவுத்துருவான். ஒருநாள் அவன் கையில பத்தும் நாலும். நடுவுல பத்து, ராசா, ஆறு. பத்துச் சோடி சேந்துருச்சேன்னு பாதி டின்னைத் தள்ளினான். கலா சத்தமில்லாம ஒரு ராசாவைக் காட்டினா. ராசாச் சோடி பத்துச் சோடிய முழுங்கிருச்சு.

"இது அரைவயித்துக் கைங்க"ன்னா கலா. மரிசெல் இங்கிலீசுல என்னவோ சொல்லுவாளாம், இது கலாவே வச்ச பேரு. "பட்டினியும் இல்ல, நெறைஞ்ச வயிறும் இல்ல. இத வச்சிக்கிட்டு ஊருக்குப் பந்தி போடக் கூடாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்."

"அப்ப மூடிப் போட்டுறவா?"

"ஐயோ, அதுவும் கூடாது. கையில ஒன்னு இருக்குல்ல, அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. மெல்லத் தட்டிட்டு இருங்க. கொஞ்சமாக் கேட்டா கொஞ்சமாக் குடுங்க. சின்னச் செலவுல கடைசிச் சீட்டு வரைக்கும் போய்ப் பாருங்க. நடுவுல கெடக்கிற குவியலை மட்டும் பெருசாக்காதீங்க."

"ரொம்பப் பெருசாக் கேட்டா?"

"அப்ப மூடிப் போடுங்க. அரைவயித்தோட எந்திரிக்கிறதும் ஒரு கெட்டிக்காரத்தனந்தான்."

சுதாகரன் அதை மனசுல முடிஞ்சு வச்சிக்கிட்டான். அடுத்த மழையில ஒம்பதுச் சோடி வந்தப்போ காது செவந்தாலும் கைய அடக்கிக்கிட்டான். தட்டினான். கலாவும் தட்டினா. அடுத்த சீட்டுக்கு அவ ரெண்டு கொட்டை கேட்டா, ரெண்டு குடுத்தான். கடைசிச் சீட்டுக்கும் தட்டிட்டு இருந்துட்டான். திறந்து பாத்தா கலாகிட்ட ஆறுச் சோடி. அவகிட்ட இருந்து கெடைச்சது ஒரு பிடிகூட இல்ல, நாலே நாலு கொட்டை. என்னமோ கல்யாணச் சீர் வந்த மாதிரி அதை எடுத்து டின்னுல போட்டான். "பாருங்களேன் இந்த மூஞ்சிய!"ன்னு கலா கைகொட்டிச் சிரிச்சா. அவ சிரிச்சு அந்த வீட்டுல சத்தம் கேட்டது ஊர் வந்ததுக்கப்புறம் அன்னைக்குத்தான் மொதல் தடவ.

அப்புறம் நடந்த காலைகளை எல்லாம் சுதாகரனால ஒன்னொன்னாப் பிரிச்சுச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே காலையா நீண்டு கெடந்த மாதிரிதான் அவனுக்கு ஞாபகம். மழையும் தகரமும் சேந்து போடுற சத்தத்துல லயம், மலை, தண்ணிப் பீலி எல்லாம் கரைஞ்சு போயிரும். அந்தப் பச்சை டைல்ஸ் மட்டும் தனியா மிதக்கும். வாசலுக்கு வெளியே பனி. ரப்பர் மரங்க வரிசையாக் கிட்ட வந்து நிக்கும், திரும்ப மறைஞ்சு போகும். கலா சீட்டைக் கலைச்சிக்கிட்டே கடலைப் பத்திச் சொல்லுவா. அந்தக் கடல்ல அலையே இருக்காதாம், கொளத்தைப் போலக் கெடக்குமாம், சாயங்காலமானா பால் நெறத்துக்கு வந்துருமாம். "நம்ம பாலா?"ன்னு கேப்பான் சுதாகரன். "ஆமாங்க, கோப்பையில ஊத்தி வச்ச நம்ம ரப்பர்ப் பாலேதான்." அவன் கண்ணை மூடிக்கிட்டு அதைப் பாப்பான்.

மத்தியானம் அப்பிடியே பாயில படுத்துத் தூங்கினா அந்தக் கடல் கனவுல வரும். அவன் பால் வெட்டுற நம்பர் பன்னெண்டு மலைக்குக் கீழே, ஓடை இருக்க வேண்டிய எடத்துல கடல் இருக்கும். மரம் மரமா வெட்டிக்கிட்டுக் கீழே எறங்குவான். ஒவ்வொரு செரட்டையிலயும் பாலுக்குப் பதிலா ஒரு சீட்டு குப்புறக் கெடக்கும். திருப்பிப் பாக்கப் பயமா இருக்கும். கலா தண்ணிக்குள்ள கணுக்கால் அளவு நின்னுக்கிட்டு அவனைப் பாத்துக்கிட்டே இருப்பா. கூப்புடணும்னு வாயத் தொறப்பான். முழிப்பு வந்துரும். முழிச்சுப் பாத்தா மழை. கனவுல பேஞ்ச மழையா வெளிய பேயற மழையான்னு கொஞ்ச நேரம் புரியாது.

இப்பிடிச் சொகமாப் போய்க்கிட்டு இருந்ததைக் கெடுக்க ஒரு போன் வந்துச்சு. கேகாலையில வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஜஸீல்தான் பேசினாரு. பக்கத்துக் காம்பரா புஷ்பம் தேங்காய் துருவுறதுக்குத் துருவலக்கட்டை கேட்டு வந்து அப்பத்தான் உள்ள நின்னா. மழைச் சத்தத்துல காது கேக்கலன்னு கலா ஸ்பீக்கர்ல போட்டிருந்தா.

"தங்கச்சி, நீங்க வேலை செஞ்ச வீட்டுக்காரங்களோட சொந்தக்காரங்களாம். வேற ஆளு வேணாமாம், ஒங்களத்தான் கேக்குறாங்க. இந்த மாசத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

கலா போனை வச்சா. "என்னா கலா, திரும்பப் போகப்போறியா?"ன்னு புஷ்பம் கேட்டா. கலா சுதாகரனைத் திரும்பிப் பாத்தா. புஷ்பமும் அவனைத்தான் பாத்தா.

போகாதேன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கொட்டாவி விடுற நேரம்கூட ஆகாது. ஆனா நம்ம ஆளு என்ன சொன்னான் தெரியுமா? "போறதுன்னா போகட்டும். யாரு கையப் புடிச்சு இழுத்தா?" புஷ்பத்துக்கு முன்னால பொண்டாட்டிகிட்டக் கெஞ்சுறதான்னு ஒரு ரோசம். பொண்டாட்டிக்குப் போகத்தான் ஆசை, நாம தடுத்தா மூஞ்சியக் காட்டுவாளோன்னு ஒரு பயம். ரெண்டும் சேந்து அவன் வாயில அதைப் போட்டுருச்சு. சொன்ன மறுநிமிசமே நாக்கைக் கடிச்சிக்கிட்டான். கடிச்சு என்ன பிரயோசனம்! கலா உள்ள போயி அடுப்பை ஊத ஆரம்பிச்சுட்டா.

ரெண்டு நாள் வெயில் அடிச்சுது. வெட்டு நடந்துச்சு. வீட்டுல பழையபடி "சாப்புட்டியா", "சாப்புட்டேங்க." அப்புறம் மழை திரும்பி வந்த காலையில கலாவே பாயை விரிச்சா. ரெண்டு டின்னுலயும் கொட்டையைச் சரிபாதியா நெரப்பி வச்சா.

"இந்த ஆட்டத்துக்கு ஒரு பந்தயம் வச்சிக்குவோம்"ன்னா, அவனைப் பாக்காம. "யாரு டின்னு காலியாகுதோ அவங்க தோத்தாங்க. அது வரைக்கும் இதே ஆட்டந்தான், எத்தன மழைக்குப் போனாலும் சரி. நீங்க ஜெயிச்சா நா இருக்கேன். நா ஜெயிச்சா போறேன். அம்மன் மேல ஆணையா, சொன்ன வாக்கு மாற மாட்டேன்."

"சரி"ன்னான் சுதாகரன். அந்த ஒரு சொல்லைத்தான் அவனால செலவழிக்க முடிஞ்சுது.

அன்னையிலிருந்து அவன் ஆடின ஆட்டத்தைப் பாத்திருக்கணும்! சாமிக்கு விளக்கேத்துற மாதிரி சீட்டை எடுப்பான், ஓரத்தை மட்டும் தூக்கிப் பாப்பான். அரைவயித்துக் கை வந்தாத் தட்டுவான். கொஞ்சமாக் கேட்டாக் கொஞ்சமாக் குடுப்பான். ரெண்டு கொட்டை ஜெயிப்பான், மூணு கொட்டை தோப்பான், திரும்ப ரெண்டு ஜெயிப்பான். குவியல் ஒருக்காலும் உள்ளங்கை அளவைத் தாண்டாது. அவ சொல்லிக் குடுத்தது அப்பிடித்தானே. அதோட அவனுக்குள்ள ஒரு கள்ள நெனப்பும் வந்து ஒக்காந்துக்குச்சு. ஆட்டம் முடியாம இழுத்துக்கிட்டே போனா கலா எங்க போவா? மாசமே முடிஞ்சு போகட்டுமே! ஊரே வெயிலுக்கு வேண்டிக்கிட்டு இருக்கிறப்போ இவன் ஒருத்தன்தான் மழைக்கு வேண்டிக்கிட்டான். சந்திக் கடையில சோமே முதலாளி வானத்தைப் பாத்து, "தவ சுமானயக்வத் வஹினவா"ன்னாரு. இன்னும் ஒரு கெழமையாச்சும் பேயுமாம். மத்தவங்க எல்லாம் "அனே!"ன்னு கன்னத்துல கைய வச்சாங்க. சுதாகரன் அந்தச் சந்தோசத்துல ஒரு பாக்கெட் மாரி பிஸ்கட் வாங்கிட்டு வீட்டுக்கு வந்தான்.

கலாவுக்கு பிஸ்கட் எறங்கல. அவ மொகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கிட்டே போச்சு. போகணும்னு தவிக்கிறா, ஆட்டம் இழுக்குதுன்னு எரிச்சல் படுறான்னு சுதாகரன் நெனைச்சான்.

அப்பத்தான் ஒரு காலையில கலா திடீர்னு ஆட்டத்தை மாத்தினா. மூணு சீட்டைத் திறந்த ஒடனே, "எல்லாம்"ன்னு சொல்லி டின்னோட நடுவுல தள்ளினா. சுதாகரன் ஆடிப் போனான். கையில பத்துச் சோடி. நடுவுல ஒரு ராணி கெடக்கு. கலாகிட்ட ராணி இல்லாமலா இப்பிடித் தள்ளுவா? அவ எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரி! பெருசாக் கேட்டா மூடிப் போடுன்னு அவளே சொல்லிக் குடுத்திருக்கா. மூடிப் போட்டான். வச்ச ரெண்டு கொட்டை போச்சு, போகட்டும். தப்பிச்சோம்னு பெருமூச்சு விட்டான்.

அடுத்த கைக்கும் "எல்லாம்." எட்டுச் சோடிய மூடிப் போட்டான். அதுக்கடுத்த கைக்கும் "எல்லாம்." ஒம்பதுச் சோடி, நடுவுல ஆஸ். மூடிப் போட்டான். சும்மா சொல்லக் கூடாது, மூடிப் போடுறதுல அவனுக்கு ஒரு பெருமைகூட வந்துருச்சு. முந்தின சுதாகரனா இருந்தா மீசையத் துடிக்க விட்டு எல்லாத்தையும் கொட்டியிருப்பான், இப்ப பாரு எவ்வளவு நிதானம்னு தன்னைத்தானே தட்டிக் குடுத்துக்கிட்டான். அட மடையா! ரெண்டு ரெண்டாப் போனாலும் கொட்டை போறது போறதுதானே! ஒழுகுற பானைக்கு ஓட்டை சின்னதா இருந்தா என்ன, பெருசா இருந்தா என்ன?

டின்னு கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. மொதல்ல பாதிக்குக் கீழே, அப்புறம் கால்வாசி. கலா அடுப்படியில பாத்திரத்தைப் போட்டு ஒடைக்காத கொறையா வைப்பா. "ஒம் பொண்டாட்டிக்கு என்னாச்சு, காலையில இருந்து பல்லக் கடிக்கிறாளே"ன்னு புஷ்பமே இஸ்தோப்புத் திண்ணையில வச்சுக் கேட்டா. அவனுக்கு என்ன தெரியும்! தூங்கினா அதே கனவு. கடல் மேல ஏறி நம்பர் பன்னெண்டு மலையில பாதி வரைக்கும் வந்துருச்சு. கலா இப்ப இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, கையில எதையோ வச்சு அவன் பக்கம் நீட்டுறா. என்னன்னு தெரியல. அவன் ஒரு மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, வேணாம் வேணாம்னு தலையாட்டுறான்.

ஜஸீல் திரும்பவும் பேசினாரு. "நாளைக்குள்ள சொல்லிருங்க தங்கச்சி, இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்க." "நாளைக்குச் சொல்றேன் ஜஸீல் நானா"ன்னா கலா. அவ குரல்ல ஒன்னுமே இல்ல.

மறுநாள் மழை பேஞ்சுது. பெரட்டுக்களத்துக்கே போகல சுதாகரன். பாயில ஒக்காந்து டின்னுக்குள்ள கைய விட்டுப் பாத்தான், அடித்தகரம் தட்டுப்பட்டுச்சு. இன்னும் கொஞ்ச ஆட்டம், அப்புறம் காலி. காலியானாக் கலா போயிருவா. ஆறு வருசம் இருந்த மாதிரி திரும்பவும் இந்த ஹோல்ல ஒத்தையா ஒக்காந்து மழைச் சத்தத்தைக் கேக்கணும். அதை நெனைச்சப்போ அவனுக்கு அழுகையே வந்துருச்சு. மூக்கை உறிஞ்சி மறைச்சிக்கிட்டான்.

அவன்தான் சீட்டுப் போட்டான். தனக்கு ரெண்டு, அவளுக்கு ரெண்டு. அவளுக்குத் தள்ளிவிட்ட சீட்டு டைல்ஸ்ல வழுக்கிப் போயி, ஒன்னு மேல ஒன்னு கோணலா நின்னுச்சு. தன் சீட்டைத் தூக்கிப் பாத்தான். எட்டு, அஞ்சு. நடுவுல மூணைத் திறந்தான். எட்டு, ராணி, மூணு. எட்டுச் சோடி. அரைவயித்துக் கைக்கு அதைவிடப் பொருத்தமான கை கெடையாது.

"எல்லாம்"ன்னா கலா. டின்னு தரையில உரசிக்கிட்டு நடுவுக்கு வந்துச்சு.

சுதாகரன் பழக்கத்துல கைய மூடப் போனான். மூடப் போன கை அப்பிடியே நின்னுச்சு. கலாவோட ரெண்டு சீட்டும் அவன் தள்ளிவிட்ட எடத்துலயே, ஒன்னு மேல ஒன்னு கோணலா, அப்பிடியே கெடந்துச்சு. அவ அதைத் தொடவே இல்ல.

கையைப் பாக்காமலே எப்பிடி எல்லாத்தையும் தள்ளுவா? நேத்து? முந்தாநேத்து? யோசிச்சு யோசிச்சுப் பாத்தான். அவ சீட்டைத் தூக்கிப் பாத்ததா ஒரு ஞாபகமும் இல்ல. இத்தன நாளாத் தன் சீட்டையும் தன் டின்னையும் தவிர அவன் எங்க எதைப் பாத்தான்? தலையத் தூக்கி அவளைப் பாத்தான். கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு. தலை வாராம, ஒதட்டைக் கடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா.

"கலா, நீ சீட்டையே பாக்கலையே."

"எத்தன நாளாப் பாக்கல தெரியுமா?" வெடிச்சுட்டா அவ. "ஒவ்வொரு காலையும் டின்னோட தூக்கி ஒங்க கையில குடுக்கிறேன். எந்தக் கைய வச்சாச்சும் ஒரு தடவ வாங்கி ஜெயிங்க, ஜெயிச்சு என்னை நிறுத்துங்கன்னு குடுக்கிறேன். நீங்க என்னடான்னா பெரிய கெட்டிக்காரர் மாதிரி மூடி மூடிப் போடுறீங்க! கோயில்ல துன்னூறு நீட்டினா யாராச்சும் வேணாம்னு சொல்லுவாங்களா? சூதானமா ஆடுங்கன்னு சொன்னேன், பயந்து சாவுங்கன்னா சொன்னேன்?"

"நீ போகணும்னு ஆசைப்படுறன்னு நெனைச்சேன்."

"கேட்டீங்களா? ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து கேட்டீங்களா?"

சுதாகரன் தன் டின்னைக் கவுத்தான். மிச்சமிருந்த கொட்டை அவ குவியலுக்குப் பக்கத்துல உருண்டு நின்னுச்சு. எட்டையும் அஞ்சையும் திருப்பி வச்சான். கலா கண்ணைத் தொடைச்சிக்கிட்டு மொதல் தடவையா அவ சீட்டைத் திருப்பினா. ராசாவும் நாலும். ஒன்னும் சேரல. நாலாவது சீட்டைத் திறந்தா ரெண்டு. அதுவும் ஒன்னும் சேரல. எட்டுச் சோடி அப்பிடியே முன்னால நின்னுச்சு. இந்தக் கை ஜெயிச்சா அவன் டின்னு ரெண்டு மடங்காகும், அவ்வளவுதான். ஆனா தோத்தா அந்தக் காலையிலயே எல்லாம் முடிஞ்சுது.

இன்னும் ஒரு சீட்டு பாக்கி.

"ராசா வந்தா நா ஜெயிச்சுருவேங்க"ன்னா கலா. "மூணு ராசா இன்னும் கட்டுக்குள்ள இருக்கு. அம்மன் மேல ஆணை போட்டிருக்கேன்."

சுதாகரன் கட்டு மேல கைய வச்சான். திறக்கத்தான் வச்சான். வச்ச கை திறக்க மாட்டேன்னுச்சு. உள்ளங்கையால கட்டை அப்பிடியே மூடிக்கிட்டான்.

"திறங்க. ஆட்டம்னா முடிக்கணும்."

"வேணாம்."

"திறங்கன்னா!"

"சீட்டு சொல்லி நீ இருந்தா, நாளைக்கு இன்னொரு சீட்டு சொல்லிப் போயிருவ." அவன் குரல் அவனுக்கே புதுசாக் கேட்டுச்சு. வார்த்தை தானா வந்துச்சு. "இந்த ஆட்டத்துல நா தோத்துட்டேன். வேணும்னா கைய மூடிப் போடுறேன். ஆணை போட்ட பாவம் எந்தலையில வரட்டும், அம்மனுக்கு நா காவடி எடுக்கிறேன். ஆனா நீ போகாத கலா. நா கேக்குறேன். நீ இல்லாம இந்த வீட்டுல என்னால இருக்க முடியாது. போகாத புள்ள."

கலா அவனைப் பாத்துக்கிட்டே இருந்தா. மழைச் சத்தத்துல காதுல சரியா விழலையோன்னு அவனுக்கு ஒரு சந்தேகம். "போகாத"ன்னு இன்னொரு தடவ சத்தமாச் சொன்னான். லயமே கேட்டிருக்கும். கேட்டா கேக்கட்டும்.

அவ முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதா. சின்ன அழுகை இல்ல, தோளு குலுங்கக் குலுங்க அழுதா. அழுது முடிக்கிற வரைக்கும் சுதாகரன் கட்டு மேல இருந்த கைய எடுக்கல.

"இருக்கேன்"ன்னா கடைசியா. "எங்கயும் போகல. இருக்கேங்க."

அப்புறம் மூக்கைச் சிந்திட்டு, வாசலுக்கு வெளியே பாத்துக்கிட்டே சொன்னா.

"நா சைப்ரஸ் போன அன்னைக்கு என்னை பஸ் ஏத்திவிட்டீங்களே, ஞாபகம் இருக்கா? ஏறாம ரொம்ப நேரம் ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். கண்டக்டர் 'நகினவா நம் நகின்ன', ஏறுறதுன்னா ஏறுன்னு கத்தினப்புறந்தான் ஏறினேன். ஏறியும் ஜன்னலைத் திறந்து வச்சிக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன். நீங்க ஒரு தண்ணிப் போத்தலை நீட்டினீங்க. இந்த ஒத்த வார்த்தைய அன்னைக்குச் சொல்லியிருந்தா நா எறங்கியிருப்பேன்."

ஆறு வருசம். சுதாகரன் நடந்த நடை, வெட்டின மரம், ஒத்தையாத் தின்ன சோறு, எல்லாம் ஒன்னா வந்து முன்னால நின்னுச்சு.

"எறங்கியிருப்பியா?"

"எறங்கியிருப்பேங்க."